இயேசுவின் திருநாமமும் நம் நாவும்



புத்தாண்டு பிறந்த மூன்றாம் நாள், தை மாதம் 3ஆம் திகதி, திருச்சபை இயேசுவின் திருநாமத்தை நினைவு கூருகின்றது. நத்தார்க் கொண்டாட்டத்தின் களைப்பும் பிள்ளைகளின் பாடசாலை ஆயத்தமும் சேர்ந்து வரும் நாட்களாதலால், நம்மிற் பலருக்கு அது தெரியாமலே கடந்து போய்விடுகின்றது. இத்திருநாளை 1721இல் பாப்பரசர் பதின்மூன்றாம் இன்னொசென்ற் அகில திருச்சபைக்கும் உரியதாக்கினார். 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது அது தனித் திருநாளாக இல்லாமற் போயிற்று. பின்னர் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலத்தில், 2002இல் வெளிவந்த திருப்பலிப் புத்தகத்தில் மீண்டும் இடம் பெற்றது. கைவிட்டுப் போனதைத் தாய்த் திருச்சபை திரும்பவும் தேடி எடுத்துத் தந்திருக்கிறாள். அப்படித் தந்த பொருளை நாம் வீட்டில் எங்கே வைத்திருக்கிறோம் என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய காரியம்.

நேற்றுக் காலை தொடங்கி இந்த நேரம் வரை இயேசு என்னும் நாமத்தை எத்தனை முறை உச்சரித்தோம்? செபமாலை சொன்ன வீடாயின் அந்த ஒரு செபமாலையிலேயே 53 முறை சொல்லியிருப்போம். அதற்கு வெளியே? கை தவறிக் கோப்பை உடைந்தபோது ஒரு முறை. பேருந்து தவறியபோது ஒரு முறை. பிள்ளை சோதினையில் குறைந்த புள்ளி எடுத்து வந்தபோது, கோபத்தோடு பெருமூச்சு விட்டு ஒரு முறை. இவற்றுள் எது செபம், எது வெறும் சத்தம்? சொன்னவருக்கே தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

நம் தமிழ்ப் பண்பாட்டிற் பெயருக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. தகப்பனுடைய பெயரைப் பிள்ளை சொல்லி அழைப்பதில்லை. கணவனின் பெயரைச் சொல்லக் கூசி, “இவர்”, “பிள்ளையின்ரை தகப்பன்” என்று சுற்றிவளைத்துச் சொன்ன பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தார்கள். கந்தோரிலே பெயரைக் கேட்டால், பக்கத்தில் நிற்கும் பிள்ளையைச் சொல்லச் செய்து தாம் தலை குனிந்து நிற்பார்கள். மரியாதைக்குரியவரின் பெயரை வாயிலெடுக்காதிருப்பதே மரியாதை என்பது நம்மவர் கண்ட முறை. யூத மக்களும் தம் இறைவனின் பெயரை அவ்வாறே காத்தனர். எழுதியிருக்கும் நாமத்தை அப்படியே வாசியாமல் “ஆண்டவர்” என்று மாற்றி வாசித்தனர்.

அப்படிப்பட்ட மக்கள் நடுவே, அணுக முடியாத இறைவன் தாமே மனிதனாகி, வாயாற் கூப்பிடத்தக்க ஒரு பெயரை ஏற்றுக்கொண்டார். அந்தப் பெயரைத் தேர்ந்தவர்கள் மரியாளும் சூசையப்பரும் அல்லர். கபிரியேல் தூதர் மரியாளுக்கு அறிவித்ததும் (லூக். 1:31), கனவிலே சூசையப்பருக்குச் சொல்லப்பட்டதும் (மத். 1:21) ஒரே பெயர். தம் மக்களை அவர்களுடைய பாவங்களிலிருந்து மீட்கப் போகிறவர் என்பதாலேயே அந்தப் பெயர் என்று சூசையப்பருக்குக் காரணமும் கூறப்பட்டது. “ஆண்டவர் மீட்கிறார்” என்பதே அதன் பொருள். எட்டாம் நாளில் விருத்தசேதனத்தின்போது குழந்தைக்கு அந்தப் பெயர் இடப்பட்டது (லூக். 2:21). மீட்பரின் இரத்தம் முதன்முதலாகச் சிந்தியதும் அந்த வேளையிலேதான்.

அது அக்காலத்தில் அபூர்வமான பெயரன்று. நம் ஊரில் அந்தோனி, சூசை என்பதுபோல் எங்கும் வழங்கிய பெயரே. புனித சின்னப்பருடைய உடன் உழைப்பாளருள் யுஸ்து என மறுபெயர் கொண்ட ஓர் இயேசு இருந்தார் (கொலோ. 4:11). எனவேதான் நம் ஆண்டவரை “நாசரேத்தூர் இயேசு” என்று ஊரைச் சேர்த்து அழைக்க வேண்டியிருந்தது. சிலுவையின் மேல் பிலாத்து எழுதி வைத்ததும் அவ்வாறே. இறைவன் தமக்கென்று எடுத்துக்கொண்டது அரண்மனைப் பெயரன்று. தெருவிலே விளையாடும் பிள்ளைகளுக்குத் தாய்மார் வைத்த பெயர். அந்த எளிய பெயரையே தந்தையானவர் எல்லாப் பெயருக்கும் மேலாக உயர்த்தினார் என்றும், விண்ணிலும் மண்ணிலும் கீழுலகிலும் உள்ள அனைத்தும் அதன்முன் முழந்தாளிடும் என்றும் புனித சின்னப்பர் எழுதுகின்றார் (பிலிப். 2:9-11).

நற்செய்தியை ஊன்றி வாசிப்போர் ஒரு விடயத்தைக் காணலாம். சீடர்கள் அவரைப் “போதகரே”, “ஆண்டவரே” என்று அழைத்தார்களேயன்றி, நேருக்கு நேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எங்கும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யார்? ஊருக்கு வெளியே தூரத்தில் நின்ற பத்துக் குட்டரோகிகள் (லூக். 17:13). எரிக்கோ வழியருகே பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்த குருடன் பர்த்திமேயு (மாற். 10:47). அவனைச் சனங்கள் வாயை மூடச் சொன்னார்கள். அவனோ இன்னும் பலமாகக் கத்தினான். இறுதியாக, சிலுவையிலே பக்கத்தில் தொங்கிய கள்ளன் (லூக். 23:42). தீண்டப்படாதவன், பார்வையற்றவன், குற்றவாளி என உலகம் தள்ளிவிட்டவர்களே அந்த நாமத்தைப் பற்றிப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவர் கைவிடவில்லை. “எனக்குத் தகுதியில்லை சுவாமி, என் வாயால் எப்படிச் செபம் சொல்வது?” என்று நம்மிடம் வருவோருக்கு இதைவிட வேறு மறுமொழி தேவையில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அசுத்த ஆவிகளும் அவர் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டன (மாற். 1:24). ஆகவே, நாமத்தை உச்சரிப்பது மாத்திரம் பக்தியாகிவிடாது. நம் வீடுகளில் அதற்கு நேரும் அவமரியாதை மூன்று வகைப்படும் என்று எண்ணுகின்றேன்.

முதலாவது கவனயீனம். மேலே சொன்ன கோப்பையும் பேருந்தும் இதைச் சேர்ந்தவை. இதிலே தீய எண்ணம் இல்லை, பழக்கமே உண்டு. குருவானவர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. பீடத்தில் நின்று அவசர அவசரமாக மன்றாட்டை முடிக்கும்போது அந்த நாமத்தை விழுங்கிவிட்டுப் போனதுண்டு என்று இதை எழுதுபவனும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1274இல் கூடிய இரண்டாம் லியோன் பொதுச்சங்கம் இதற்காகவே ஓர் ஒழுங்கு விதித்தது. இயேசுவின் நாமம் கூறப்படும் போதெல்லாம், விசேடமாகத் திருப்பலி வேளையில், ஒவ்வொருவரும் இருதயத்தின் முழந்தாள்களை மடக்க வேண்டும், அதைத் தலை வணங்குவதனாற் காட்டலாம் என்று அது கற்பித்தது. அந்த ஆண்டிலேயே பாப்பரசர் பத்தாம் கிரகோரியார், இத்திருநாம வணக்கத்தை மக்களிடையே போதிக்கும் பொறுப்பைப் புனித சாமிநாதர் சபையாரிடம் ஒப்படைத்தார். இன்றும் திருப்பலி ஒழுங்கு, இயேசுவின் நாமம் சொல்லப்படும்போது தலை வணங்கும்படி கேட்கின்றது. நம் அப்புமார், ஆச்சிமார் இதைத் தவறாமற் செய்தார்கள். கோவிலில் அந்த நாமம் வரும்போது, காற்றில் நெற்கதிர் சாய்வது போலத் தலைகள் சாயும். இன்று நாம் நிமிர்ந்தே நிற்கின்றோம்.

இரண்டாவது, நாமத்தை மந்திரமாக்குவது. முச்சக்கர வண்டியின் பின்கண்ணாடியில் இயேசுவின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். வண்டியோ சந்தியிலே யாரையும் மதியாமற் பாயும். “இந்தச் செபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கேடு வரும்” என்று கைத்தொலைபேசியிற் செய்தி வரும், பயந்துபோய் அனுப்புகிறோம். இயேசு என்றால் மீட்பவர் என்று பொருள். அவர் பெயரைக் கொண்டு பயமுறுத்துவது எந்த நியாயம்? காலையிற் பூசை கண்டு, மாலையில் சாத்திரம் கேட்கப் போய், கையில் நூல் கட்டிக்கொண்டு வருவோரும் நம்மிடையே இல்லாமலில்லை. எபேசு பட்டணத்தில் ஸ்கேவா என்பவரின் ஏழு புதல்வர்கள், விசுவாசமில்லாமலே இயேசுவின் பெயரைச் சொல்லிப் பேயோட்டப் பார்த்து, அடிபட்டு, உடையும் இழந்து ஓடினார்கள். அதைக் கண்ட விசுவாசிகள் பலர் தம் மாந்திரீக நூல்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் எரித்தார்கள். அவற்றின் பெறுமதி 50,000 வெள்ளிக்காசு (அப். பணி 19:13-19). நாம் எரிக்க வேண்டியது ஒருவேளை ஒரு நூல்துண்டு மாத்திரமே.

மூன்றாவது, பொய்ச்சத்தியம். இதைப் பற்றியே இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் ஊருக்குத் திரும்பிய மக்களுக்கு நேர்ந்தவை உங்களுக்குப் புதியவையல்ல. வேலி இல்லை, எல்லைப் பனை இல்லை, பழைய உறுதிகள் வழியிலே தொலைந்து போயின. அப்படித் திரும்பிய ஒரு கிராமத்தில் இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். வளவின் நடுவே ஒரு கிணறு. தகப்பன் அதை இருவருக்கும் பொதுவாகவே விட்டுச் சென்றிருந்தார். ஆனால் சாட்சி சொல்லத்தக்கவர்கள் ஒருவரும் உயிரோடில்லை. மூத்தவர் கிணறு முழுவதும் தமக்கே என்றார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசிய அன்று, வீட்டுச் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் கையிலெடுத்து, “இயேசு அறிய, ஐயா எனக்குத்தான் தந்தவர்” என்று சத்தியம் செய்தார்.

இளையவர் எழுந்துவிட்டார். பின்னொரு நாள் நான் விசாரித்தபோது அவர் சொன்னது இவ்வளவே: “சுவாமி, அண்ணை அந்தப் பேரைச் சொல்லிப்போட்டார். இனி நான் கதைக்கிறதுக்கு ஒண்டுமில்லை.” வழக்குக்குப் போகலாம் என்று பலர் தூண்டினார்கள், அவர் போகவில்லை. வீதிக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தார்கள், அவரும் மனைவியும் பிள்ளைகளும். தமக்கு நட்டமென்று தெரிந்தும், அந்த நாமத்தின் முன் அவர் தலை வணங்கிக்கொண்டார்.

மூத்தவர் கிணற்றைப் பெற்றார். இறைத்தார், தோட்டம் செய்தார். ஆனால் வீட்டில் மாலைச் செபமாலையின்போது அவருடைய முறை வந்தால், அந்தப் பத்து மணியைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். செபத்தை முன்னின்று சொல்பவருடைய பாகத்திலேதான் இயேசுவின் நாமம் வருகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். மறுமொழிப் பாகத்தை அவர் சொல்வார். முதற்பாகத்தைச் சொல்ல மாட்டார். பிள்ளைக்குப் பழக்குகிறார் என்று வீட்டார் நினைத்தார்கள். மூன்று வருடங்களாக அந்த மனிதருடைய நா அந்தப் பெயருக்கு எழவில்லை என்பது அவர் மனைவி ஒருவருக்குத்தான் தெரியும்.

இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நான் கேட்ட காரியமன்று. அவர் நோயாய் விழுந்த காலத்தில், தாமே இரு குடும்பத்தாரையும் அழைத்து வைத்து, எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொன்னது. பேரூர் குறிப்பிடாமல் எழுதும்படி இரு வீட்டாரும் சம்மதம் தந்தபடியாலேயே இங்கு எழுதுகின்றேன். “கிணறு கிடைச்சுது சுவாமி. கூப்பிடுறதுக்குத்தான் ஆளில்லாமற் போச்சு” என்றார். நொத்தாரிசு வந்து உறுதி எழுதிக் கிணறு மீண்டும் பொதுவாயிற்று. எல்லாம் ஒரே நாளிற் சீராகிவிடவில்லை. பெண்கள் ஒருவரோடொருவர் முகம் பார்த்துப் பேச மேலும் பல மாதங்கள் சென்றன. ஆனால் அன்று மாலை அந்தக் கட்டிலைச் சுற்றி எல்லாரும் செபமாலை சொன்னபோது, முதற் பத்து மணியை நோயாளியே சொன்னார். அந்த நாமம் வந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, மூச்செடுத்துச் சொன்னார். வாழ்க்கையில் நான் கேட்ட மிகவும் மெதுவான பத்து மணி அதுதான். சில மாதங்களின் பின் அவர் மரணத் தறுவாயில் இருந்தபோது, காதருகே குனிந்து இயேசுவின் நாமத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தம்பி.

அன்புக்குரியவர்களே, இரண்டாம் கற்பனை ஏன் தரப்பட்டது என்பதை அந்தக் கட்டிலருகே நான் விளங்கிக்கொண்டேன் (யாத். 20:7). இறைவனின் நாமத்தை வீணாகச் சொல்வதனால் அவருடைய மகிமை குறைந்துவிடப் போவதில்லை, நட்டம் நமக்கே. பொய்க்குச் சாட்சியாக ஒருவரை இழுத்த பிறகு, துன்பத்தில் அவரையே கூப்பிட நமக்கு முகம் ஏது? நம்முடைய கடைசி மணித்தியாலத்திலே உறுதியும் உதவாது, கிணறும் உதவாது. கூப்பிட ஒரு பெயர் மாத்திரமே மிஞ்சும். அந்தப் பெயரை இன்று கறைப்படுத்தாமல் வைத்திருப்பது நம்முடைய சொந்த நன்மைக்காகவே.

“மாதா அறிய”, “அந்தோனியார் அறிய”, “இயேசு அறிய” என்று தொட்டதற்கெல்லாம் சத்தியம் செய்யும் வழக்கம் நம் ஊர்களில் மிகுந்துள்ளது. சந்தையிலே மீன் விலைக்கும் சத்தியம். சீட்டுக் காசுக்கும் சத்தியம். ஆணையிடவே வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று சொன்னாற் போதும் என்று நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்திலே கற்பித்தார் (மத். 5:34-37). சத்தியம் செய்தாற்தான் நம்புவார்கள் என்ற நிலைக்கு ஒரு கத்தோலிக்கனுடைய பேச்சு தாழ்ந்து போயிருந்தால், அவன் திருத்த வேண்டியது தன் பேச்சை.

சியன்னா நகரப் புனித பெர்நார்தீன் (1380 - 1444) இத்திருநாமத்தின் பெரும் போதகர். அக்காலத்து இத்தாலிய நகரங்கள் கட்சிப் பகையாற் பிளவுபட்டிருந்தன. ஒவ்வொரு கட்சியாரும் தம் சின்னத்தை வீட்டு வாசலிற் பொறித்து வைத்திருந்தார்கள். அந்தச் சின்னங்களுக்குப் பதிலாக இயேசுவின் நாமத்தை வாசலில் வைக்கும்படி அவர் பிரசங்கித்தார். ஐ. எச். எஸ். என்று நம் பீடங்களிலும் பூசை உடைகளிலும் நீங்கள் காணும் எழுத்துக்கள், கிரேக்க மொழியில் இயேசு என்னும் பெயரின் முதல் மூன்று எழுத்துக்களிலிருந்து வந்தவை. அவர் செய்தது புதுமையென்று சிலர் குற்றஞ்சாட்டவே, பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டின் முன்னிலையில் நிற்க நேர்ந்தது, குற்றமற்றவராய் வெளிவந்தார். திருநாமம் வாசலுக்கு வந்தால் பகை வாசலை விட்டு இறங்க வேண்டும் என்பதே அவர் போதனையின் சாரம். நம் வாசல்களிலும் திருநாமம் இருக்கிறது. வேலிக்கு அந்தப்புறம் இருப்பவரோடு நாம் பேசுகிறோமா?

நம் மண்ணின் கதையையும் மறத்தல் கூடாது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு வந்தபின் கத்தோலிக்க வேதம் தடைசெய்யப்பட்டது, குருமார் துரத்தப்பட்டனர். 1687இல் புனித யோசேவாஸ் முனிவர் இங்கு வந்து, கழுத்திலே செபமாலையை அணிந்து, பிச்சைக்காரனைப் போல் வீடு வீடாய்ச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மலர்கின்றது என்று பார்த்தே நம்மவரை இனங்கண்டார். சில்லாலை மக்கள் அவரைத் தம்மிடம் வைத்துக் காத்தனர். இடைப்பட்ட ஏறத்தாழ 29 ஆண்டுகள், பூசையும் குருவும் இல்லாத வீடுகளில், இயேசு என்னும் நாமத்தைப் பிள்ளைகளின் நாவில் வைத்தவர்கள் யார்? தாய்மாரும் பாட்டிமாருமே. காலிமுகத்திடலில் 2015 தை 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, பெயர் தெரியாத அந்தத் தாய்மாரும் அந்த மகிமையிற் பங்குபெற்றார்கள் என்று நான் எண்ணுவதுண்டு.

ஆகவே, பெற்றோரே, பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. காலையில் எழும்பும்போது பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து, இயேசுவின் நாமத்தை ஒரு முறை நிதானமாகச் சொல்லுங்கள். செபமாலையில் அந்தச் சொல்லுக்கு வரும்போது சற்றே வேகம் குறையுங்கள். கோவிலிலே தலை வணங்குங்கள். நீங்கள் வணங்கினால் பிள்ளை கேளாமலே வணங்கும். வீட்டிலே யாராவது கோபத்தில் அந்த நாமத்தைச் சொல்லிவிட்டால் சண்டை பிடிக்க வேண்டாம். உள்ளுக்குள் ஒரு துதி சொல்லுங்கள். ஆசீர்வாத ஆராதனையில் நாம் சொல்லும் தேவ துதிகள் 1797இல் இத்தகைய நிந்தைகளுக்குப் பரிகாரமாகவே ஒரு சேசுசபைக் குருவாற் தொகுக்கப்பட்டவை. நோயாளி இருக்கும் வீட்டில், மருந்து கொடுக்கும் கையோடு அந்த நாமத்தையும் காதிற் சொல்லுங்கள். எவருடனாவது பொய்யான சத்தியத்தினாற் பகை இருந்தால், நோய் வரும் வரை காத்திராமல் இந்த வாரமே போங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். இந்தப் பத்திரிகையின் தாள்களிலும் அந்தத் திருநாமம் அச்சாகின்றது. வாசித்து முடிந்ததும் கருவாடு சுற்றக் கொடுத்துவிடாமல், வாங்காத அயல் வீட்டாருக்குக் கொடுங்கள். கிணற்றடியில் நின்று கொடுத்தால் இன்னும் நல்லது.

இயேசுவின் திருநாமம் என்றென்றும் வாழ்த்தப்படுவதாக.